திருமதி அருமைநாயகம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. எங்க எந்திரிக்கிய? டயர் பஞ்சர். கண்டக்டர் அரை மணி நேரம்னு சொல்லுதான். அவன் அரை மணின்னு சொன்னா நாப்பத்தஞ்சு நிமிஷம்னு அர்த்தம். நான் ஸ்பின்னிங் மில்லுல ஆளுங்க வந்த நேரம் குறிக்குத டைம் ஆபீஸ்ல முப்பத்திரெண்டு வருஷம் இருந்தவன், எனக்குத் தெரியும். கீழ இறங்கி வெயில்ல நிக்கதுக்கு இங்கேயே இருந்து ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டிருக்கலாம். நீங்க நாகர்கோவில்தான? நெனச்சேன். முகத்தைப் பாத்தாலே தெரியுது.

என் பேரு அருமைநாயகம். கேள்விப்பட்டிருப்பிய. இல்லையா? சரி, பாதகமில்ல. எங்க ஊர்ப்பக்கம் வந்தியன்னா ‘நன்றியுரை சார்வாள்’ வீடு எதுன்னு கேளுங்க. சின்னப்பிள்ளைகூட காட்டும். காட்டிட்டு ஓடிரும். அவ்வளவு மரியாதை.

முப்பத்தோரு வருஷம் தம்பி. எங்க கோயில் ஸ்தோத்திரப் பண்டிகையில முப்பத்தோரு வருஷமா நன்றியுரை நான்தான். நீங்க கிறிஸ்தவங்களா? இல்லாட்டாலும் பரவாயில்ல, சொல்லுதேன். வருஷம் பூரா கர்த்தர் நம்மள நடத்திக்கிட்டு வந்ததுக்கு ஒருநாள் உக்காந்து நன்றி சொல்லுதோம். காலையில கோயில்ல ஆராதனை. பொறவு வெளியே பந்தல்ல கூட்டம். கூட்டம் முடிஞ்சதும் அசனம். அசனம்னா சபையார் அம்புட்டுப் பேரும் பாய் விரிச்சு ஒண்ணா இருந்து சாப்பிடுதது. ஆட்டுக்கறிக் குழம்பு, கத்திரிக்காக் கூட்டு, அந்த வாசனை பந்தலுக்குள்ள வந்து நிக்கும். கூட்டத்துக்கும் அசனத்துக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் நன்றியுரை. அது நான்.

ஜனங்க என்ன நெனக்காங்கன்னா, நன்றி சொல்லுதது லேசுன்னு நெனக்காங்க. மேடையில ஏறி ‘எல்லாருக்கும் நன்றி’ன்னா முடிஞ்சுதா? அது நன்றியா? அது டாட்டா. நான் பிஷப்ல ஆரம்பிப்பேன். தண்ணி லாரி டிரைவர்ல முடிப்பேன். நடுவுல ஒரு பேரு விடமாட்டேன். வருஷத்துக்கு ஒரு நோட்டு. பந்தல் போட்டவரு, பந்தலுக்கு மூங்கில் கொடுத்தவரு, மூங்கில் கொண்டுவந்த வண்டிக்காரரு. ஒரு வருஷம் மைக் செட்டுக்காரரோட அப்பாவுக்கும் நன்றி சொன்னேன். அவரு இறந்து ஒம்போது வருஷம். ஆனா அந்த மைக் அவரு வாங்கினதுலா? நன்றின்னா அப்படிச் சொல்லணும், வேர் வரைக்கும் போகணும்.

பேசி இருபது நிமிஷம் ஆச்சுன்னா பந்தல்ல ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வெளிய போவாங்க. உணர்ச்சி தாங்காது. சில பேரு கண்ணை மூடி அப்படியே தலையைத் தொங்கப்போட்டு ஜெபத்துல இருப்பாங்க. அதைப் பாத்துட்டு நான் இன்னும் பத்து நிமிஷம் சேர்த்துப் பேசுவேன்.

சரி, இப்ப நான் எதுக்கு நாகர்கோவிலுக்குப் போறேன்னு கேப்பிய. என் வீட்டுக்காரியக் கூட்டிட்டு வர. ஜெபரத்தினம்னு பேரு. மக வீட்டுல இருக்கா. இன்னைக்கு இருபத்து மூணாவது நாள். வரமாட்டேங்குதா. போன் போட்டா மகதான் எடுக்கா. முப்பத்தெட்டு வருஷக் குடும்பம் தம்பி. எதுக்குக் கோபம்னு நெனக்கிய? ரெண்டு எழுத்து. வெறும் ரெண்டே ரெண்டு எழுத்துக்கு.

இந்த வருஷம் எங்க கோயில் கட்டி நூறு வருஷம். பண்டிகையைப் பெரிசா வச்சாங்க. புதுசா வந்திருக்க குருவானவர் சின்ன வயசு, பொன்தாஸ்னு பேரு. நல்ல மனுஷன்தான், ஆனா கொஞ்சம் அவசரம். வந்த உடனே என்கிட்ட, ‘சார்வாள், இந்த வருஷம் நீங்க ஓய்வா உக்காந்து அனுபவிங்க’ன்னாரு. நான் என்ன நெனச்சேன்? பந்தல் வேலைக்கு அலைய வேண்டாங்காரு, பேச்சுக்குத் தெம்பா இருக்கட்டும்னு சொல்லுதாருன்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான நெனப்பாங்க?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்துது. நல்ல வழுவழுப்புத் தாள். கடைசி வரிக்குப் போனேன். நான் எப்பவும் கடைசி வரியில இருந்துதான் வாசிப்பேன். ‘நன்றியுரை: திருமதி அருமைநாயகம்’னு போட்டிருக்கு.

எனக்கு எப்படி இருக்கும்? நேரா அச்சகத்துக்குப் போன் போட்டேன். ‘வே, என்னைப் பொம்பளையாக்கிட்டீரே, திருவுக்குப் பின்னால மதி எங்கயிருந்து வந்துது’ன்னேன். ‘குருவானவர் எழுதிக் கொடுத்ததைத்தான் அடிச்சேன் சார்வாள்’னான். சரி, குருவானவர் இங்கிலீஷ் மீடியம். தமிழ் கொஞ்சம் தடுமாறும். போயிட்டுப் போகுது, மன்னிச்சிட்டேன். அவர்கிட்ட அதைக் கேட்டுச் சங்கடப்படுத்தக்கூட இல்ல. அவ்வளவு பெருந்தன்மையா நடந்தேன்.

வீட்டுல இவகிட்ட தாளைக் காட்டி, ‘பாத்தியாட்டி, என்னைத் திருமதி ஆக்கிட்டானுவ’ன்னு சிரிச்சேன். அவ தாளை வாங்கி ரொம்ப நேரம் பாத்தா. புதுசாக் கண்ணாடி போட்டிருந்தா, அதைக் கழத்தித் துடைச்சு மாட்டி மறுபடியும் பாத்தா. ‘தப்பா அடிச்சிருக்கான்னா நெனக்கிய?’ன்னு கேட்டா. ‘பின்ன?’ன்னேன். தாளை மடிச்சு மேசையில வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அப்பவே சொல்லியிருக்கலாம்லா தம்பி? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தா?

பாருங்க, ஜாக்கி வச்சுத் தூக்குதான். இனி டயரைக் கழத்தணும். நேரம் கிடக்கு.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னால இருந்தே அவ ஒரு மாதிரியாத்தான் இருந்தா. துணி துவைக்கும்போது தனியா முணுமுணுப்பா. ஜெபம் பண்ணுதான்னு நெனச்சு நான் தொந்தரவு பண்ணல. ஒருநாள் சோறு போட்டுக்கிட்டே, ‘மேடையில பேசும்போது கை நடுங்கிச்சுன்னா என்ன செய்யணும்?’னு கேட்டா. நல்ல கேள்வி. முக்கால் மணி நேரம் விளக்கினேன். தாளை எப்படிப் பிடிக்கணும், எங்க மூச்சு விடணும், முதல் வரிசையில யாரைப் பாத்துப் பேசணும். எதுக்குக் கேக்கன்னு நான் கேக்கல. வீட்டுல ஒருத்தி அறிவு தேடிக் கேக்கும்போது எதுக்குன்னு கேப்போமா?

பண்டிகை அன்னைக்குத் தூத்துக்குடியில இருந்து ஒரு பிரசங்கியார் வந்தாரு. கூட ரிட்டையரான கல்லூரி முதல்வரம்மா ஒருத்தங்க சிறப்பு விருந்தினர். பிரசங்கியார் காலத்தைப் பத்திப் பேசினாரு. நல்ல பேச்சு, பதினோரு நிமிஷம் கூடிப் போச்சு, நான் வாட்ச் பாத்தேன். ‘சகோதரரே, போன நாளை யாரும் திரும்பக் கொண்டுவர முடியாது. நாம உயிரோட இருக்க ஒவ்வொரு நிமிஷமும் கிருபையா கிடைச்சது, அது நம்ம சம்பாத்தியம் இல்ல’ன்னாரு. எனக்கு மில்லு ஞாபகம் வந்துட்டு. மில்லுல கிரேஸ் டைம்னு ஒண்ணு உண்டு. ஷிப்டு மணி அடிச்சு அஞ்சு நிமிஷம் வரைக்கும் தாமதமா வரலாம். கிரேஸ்னா கிருபைதான? ஆனா நான் மூணு நிமிஷம்தான் விடுவேன். அஞ்சு விட்டா ஏழுல வருவாங்க. எங்க தெரு செல்லக்கனி ஒருதடவை பிள்ளைக்குக் காய்ச்சல்னு நாலு நிமிஷம் தாமதமா வந்தா. அரை நாள் ஆப்சென்ட் போட்டேன். நேரத்தை மதிக்கப் பழக்குனது நான்தான், அந்த நன்றி அவளுக்கு உண்டு. இன்னைக்கும் என்னைக் கண்டா ஒதுங்கி எதிர்ப்பக்கம் போயிருவா.

கூட்டம் நடந்துது. கமிட்டிச் செயலாளர் மைக்கைப் பிடிச்சு, ‘அடுத்து நன்றியுரை, திருமதி அருமைநாயகம்’னாரு. பாருங்க, அவரும் தாளைப் பாத்து அப்படியே வாசிக்காரு! ஆனா தம்பி, அந்தக் கைதட்டல் இருக்கே. முப்பத்தோரு வருஷத்துல எனக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைச்சதில்ல. பொம்பளையெல்லாம் அடுப்படியில இருந்து கரண்டியோட ஓடிவந்து பந்தல் ஓரத்துல நின்னு தட்டுதாங்க. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. எந்திரிச்சேன். நோட்டை எடுத்தேன். போனேன்.

மேடைப் படியில ஜெபரத்தினம் நிக்கா. புதுச் சேலை, தலைக்குப் பூவு. எனக்குத் தண்ணி கொண்டாந்திருக்கான்னு நெனச்சு, ‘பொறவு, பொறவு’ன்னு கையைக் காட்டிட்டு அவளைத் தாண்டி ஏறினேன்.

‘மாட்சிமை பொருந்திய பேராயர் அவர்களே’ன்னு ஆரம்பிச்சேன். பேராயர் வரல, ஆனா அவருக்குத்தான் முதல்ல சொல்லணும். அடுத்ததா ஒரு நகைச்சுவை வச்சேன். ‘இந்த நூற்றாண்டு விழாவில் என்னைத் திருமதி ஆக்கிய அச்சகத்தாருக்கும் நன்றி’ன்னேன். ஒருத்தரும் சிரிக்கல. நல்ல நகைச்சுவைக்கு ஜனங்க யோசிப்பாங்க, அந்த மாதிரின்னு நெனச்சுக்கிட்டு மேல போனேன்.

கொஞ்ச நேரத்துல குருவானவர் எந்திரிச்சு வந்து எனக்கு முன்னால ஒரு துண்டுச்சீட்டு வச்சாரு. ‘சார்வாள், தயவுசெய்து அம்மாவைப் பேச விடுங்க.’ எந்த அம்மா? மேடையில இருக்கது முதல்வரம்மா ஒருத்தங்கதான். அவங்க ஏற்கனவே பேசியாச்சு. அப்போ அவங்களுக்கு நன்றி போதலன்னு குருவானவர் வருத்தப்படுதாருன்னு புரிஞ்சுக்கிட்டு, அந்த அம்மாவுக்கு இன்னும் ஆறு நிமிஷம் சேர்த்துச் சொன்னேன். அவங்க படிச்ச கல்லூரி, அவங்க வளத்த மாணவிகள், எல்லாம். அந்த அம்மா முகத்தை மூடிக்கிட்டாங்க.

அப்போ பந்தல் ஓரத்துல இருந்து செல்லக்கனி கத்துதா. ‘சார்வாள், கிரேஸ் டைம் முடிஞ்சிட்டு!’ எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சந்தோஷம். இத்தனை வருஷம் கழிச்சு மில்லை ஞாபகம் வச்சிருக்கா பாருங்க. அவளைப் பாத்துக் கையை ஆட்டினேன்.

நாப்பத்தேழு நிமிஷம். கடைசியில நானே சுருக்கிட்டேன். பெண்கள் சங்கத்துக்கு வந்தப்போ, ‘உணவு தயாரித்த சகோதரிகள் பெயர்கள் பல, நேரமின்மையால் விடுகிறேன்’னு சொல்லி முடிச்சேன். அசனத்துல சோறு கொஞ்சம் ஆறிப்போச்சு. ஆறின சோறும் கர்த்தர் தந்ததுதான?

இறங்கிப் பாக்கேன், படியில ஜெபரத்தினம் இல்ல.

ராத்திரி எனக்குச் சாப்பாடு போட்டா. பாத்திரம் கழுவினா. நான் ‘இன்னைக்கு எப்படி?’ன்னு கேட்டேன், ஒவ்வொரு வருஷமும் கேக்கது. எப்பவும் ‘நல்லா இருந்துது’ன்னுதான் சொல்லுவா. அன்னைக்கு விளக்கை அணைச்சிட்டா. காலையில பார்த்தா பை கட்டி வாசல்ல நிக்கா. ‘போறேன்’னா. போயிட்டு வாரேன்னு சொல்லல தம்பி, போறேன்னா. முப்பத்தெட்டு வருஷத்துல அவ வாயில அந்தச் சொல்லு வந்ததில்ல, தெருமுனைக் கடைக்குப் போனாக்கூட வாரேன்னுதான் சொல்லுவா. பதட்டத்துல பாதியை விட்டுட்டான்னு நெனச்சுக்கிட்டேன். ஆறு பத்து பஸ்ஸுக்குப் போனா. அது ஆறு பதினாலுக்குத்தான் எடுத்தான்.

மறுநாள் மக போன்ல கத்துதா. ‘அப்பா, அது அச்சுப்பிழை இல்லப்பா. அம்மாதான் திருமதி அருமைநாயகம். அம்மாவைத்தான் பேசக் கூப்பிட்டாங்க. முப்பது வருஷமா அசனத்துக்கு அறுநூறு பேருக்கு அடுப்படியில நின்னு வேகுதாளே, ஒருதடவை அவ மேடையில நிக்கட்டும்னு பெண்கள் சங்கம் கேட்டு வாங்கினது.’

எனக்கு என்ன தெரியும்? ‘ஜெபரத்தினம்’னு போட்டிருந்தா நான் ஏன் ஏறப் போறேன்? தப்பு யாருது? மகளைக் கேட்டேன், ‘அவ முன்னாலேயே என்கிட்ட சொல்லியிருந்தா என்ன?’ மக சொல்லுதா, ‘சொல்லியிருந்தா நீங்க எழுதிக் கொடுத்திருப்பிய.’ ஆமா, கொடுத்திருப்பேன். நல்லா எழுதிக் கொடுத்திருப்பேன். அதுல என்ன குத்தம்?

ஆங், வண்டி எடுத்துட்டான். நாப்பத்திரெண்டு நிமிஷம். நான் சொன்னேம்லா.

இருபது நாளா நான் அந்த ரெண்டு எழுத்தைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கடையில சொன்னேன், கோயில்ல சொன்னேன், மருந்துக்கடையில சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினாங்க. ஆட்டிட்டு, ‘அம்மா எப்ப வாராங்க?’ன்னு கேட்டாங்க. நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தரும் கேக்கல.

முந்தாநாள் உபதேசியார் வீட்டுக்கு வந்தாரு. எங்க கோயில் கணக்கு வழக்கு, மணி அடிக்கது எல்லாம் அவருதான். கையில ஒரு தாள். பந்தல் பிரிக்கும்போது மேடைப் படிக்குக் கீழ கிடந்துதாம். கொடுக்கவா வேண்டாமான்னு மூணு வாரமா வச்சிருந்திருக்காரு. கொடுத்துட்டு உக்காரக்கூட இல்ல, போயிட்டாரு.

இதோ, இதுதான். ஜெபரத்தினம் கையெழுத்து. பென்சில்ல எழுதி, மேல பேனாவால எழுதியிருக்கா. வாசிக்கேன் கேளுங்க. சின்னதுதான்.

‘எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் பேசத் தெரியாது. நூறு வருஷம் இந்தக் கோயிலை நடத்தின கர்த்தருக்கு நன்றி. தேங்காய் திருவின செல்லக்கனி, வெங்காயம் உரித்த மரியபுஷ்பம், அரிசி களைந்த சொர்ணம், பாத்திரம் தேய்க்கிற அன்னத்தாய், இவர்கள் பெயரை இந்த மேடையில் யாரும் சொன்னதில்லை. அதனால் சொல்கிறேன். கடைசியாக என் வீட்டுக்காரருக்கு நன்றி. முப்பது வருஷம் அவர் பேசினார். இன்றைக்கு எனக்காக உட்கார்ந்து கேட்டார். சாப்பாடு ஆறுகிறது, வாருங்கள்.’

அவ்வளவுதான். ஒரு நிமிஷம் இருபது செகண்டு. வாசிச்சுப் பாத்து வாட்ச்ல பிடிச்சேன்.

முப்பத்தோரு நோட்டையும் எடுத்துப் பொரட்டினேன் தம்பி. அந்த நாலு பேரு பேரும் இல்ல. மூங்கில் வண்டிக்காரன் பேரு இருக்கு, செத்துப்போன மைக் செட்டுக்காரரு இருக்காரு, இவங்க இல்ல. ஜெபரத்தினம் பேரும் இல்ல. ஒரு பேரு விடமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்.

அது கூடப் பரவாயில்ல. இந்தக் கடைசி வரி. ‘உட்கார்ந்து கேட்டார்.’ நடந்து முடிஞ்ச மாதிரி எழுதியிருக்கா பாருங்க. நான் கேக்குததுக்கு முன்னாலயே நன்றி எழுதி வச்சிருக்கா. நான் கண்டிப்பா உக்காந்திருப்பேன்னு அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அழுகை வந்துட்டு. ராத்திரி பூரா அழுதேன்னு பொய் சொல்ல மாட்டேன், டைம் ஆபீஸ்காரன். பதினோரு நிமிஷம் அழுதேன். ஆனா அப்படி நான் எங்க அம்மா செத்தப்பகூட அழுததில்ல.

மகளுக்குப் போன் போட்டு வாரேன்னு சொன்னேன். ‘அம்மாகிட்ட கேக்கேன்’னு போயிட்டு வந்தா. ‘அவ ஒண்ணும் சொல்லல’ன்னா. கதவைத் திறப்பாளோ என்னவோ. திறந்தா, இந்தத் தாளை அவ கையில கொடுத்து வாசிக்கச் சொல்லணும். நான் எதிர நாற்காலியில இருக்கணும். அவ்வளவுதான் யோசிச்சு வச்சிருக்கேன். அவ ‘வேண்டாம்’னா? தெரியல. பயமாத்தான் இருக்கு தம்பி. அவ இல்லாம வீட்டுல யாரும் எனக்கு ‘நல்லா இருந்துது’ன்னு சொல்லதுக்கு... சரி, விடுங்க, அது இல்ல. அவ இல்லாம வீட்டுல இருக்க முடியல. அதுதான் விஷயம்.

வடசேரி பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. இறங்கணும். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. ஆங், இந்தாங்க, இதை நீங்க வச்சுக்கிடுங்க. ஒண்ணுமில்ல, நேத்து அவகிட்ட மன்னிப்புக் கேட்டுப் பேசதுக்குன்னு எழுதினேன். பதினாலு பக்கம். இல்ல, நீங்களே வச்சுக்கிடுங்க, எனக்கு வேண்டாம். என் கையில இருந்தா வாசிச்சிருவேன்.

அஞ்சாம் பக்கம் மட்டும் ஒருதடவை படிச்சுப் பாருங்க. நல்லா வந்திருக்கு.